உடைந்த அரண்களைப் படித்தல்

கோட்டை என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழும் உருவம் ஒன்றுண்டு. உயர்ந்த மதில், ஆழ்ந்த அகழி, கொத்தளங்கள், யானை புகும் பெருவாயில். செஞ்சியையும் வேலூரையும் கண்டு பழகிய கண்களுக்கு இவை இல்லாத ஒன்றைக் கோட்டை என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. இரண்டாம் உலகப் பெரும்போரில் ஐரோப்பாவின் மேற்குக் கடலோரத்தில் ஜெர்மானியர் எழுப்பிய அரண்கள் பெரும்பாலானவற்றில் இவற்றுள் எதையும் காண முடியாது. மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும் கான்கிரீட் பெட்டிகள் அவை. நார்வே நாட்டின் வடகோடி தொடங்கி ஸ்பெயின் எல்லைவரை ஆயிரக்கணக்கில் அவற்றைக் கட்டி, அத்தொடருக்கு 'அட்லாண்டிக் சுவர்' என்று பெயரும் சூட்டினர். பெயரைக் கேட்டு நெடுஞ்சுவர் ஒன்றைக் காணலாம் என்று போகிறவன் ஏமாந்து போவான். சில இடங்களில் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றும், சில இடங்களில் பல கல் தொலைவுக்கு ஒன்றுமாக அவை சிதறிக் கிடக்கின்றன.

பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் உள்ள சிலவற்றை நான் சில நாட்கள் சுற்றிப் பார்த்தேன். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கனடியரும் கடல்வழியே வந்து இறங்கிய கரை அது. அந்நாளின் வரலாறு நூல்களிலும் திரைப்படங்களிலும் வேண்டிய அளவு கிடைக்கிறது. அதனை முழுவதும் இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. உடைந்து கிடக்கும் ஓர் அரணின் முன் நிற்கும்போது, அருகில் விளக்கப் பலகை எதுவும் இல்லாவிட்டாலும், அக்கட்டடமே நமக்கு என்னென்ன சொல்லும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். கல்வெட்டைப் படிக்க எழுத்துப் பயிற்சி வேண்டும். இவற்றைப் படிக்கவும் சிறிது பயிற்சி வேண்டும்.

முதற்பாடம் வியர்வில் என்னும் சிற்றூரின் கரையில் கிடைத்தது. 'ஒமாஹா' என்று அமெரிக்கர் மறைபெயர் இட்ட மணற்கரையின் மேற்குக் கோடியில் அவ்வூர் இருக்கிறது. அங்கே 88 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த கூடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் தலைமேல் அமெரிக்கத் தேசியக் காவற்படையின் நினைவுச் சின்னத்தைக் கட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பகைவன் வருவான் என்று அஞ்சிக் கட்டிய கூடம் கடலைப் பார்த்துத்தானே வாய் திறந்திருக்க வேண்டும்? கடலைப் பார்த்து நிற்பதோ ஒரு மொட்டைச் சுவர். பீரங்கியின் வாய் கிழக்கே திரும்பி, கரையின் நீளத்தை நோக்குகிறது. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீண்ட அக்கரையின் மறுபக்கத்தில், கொல்வில் என்னும் ஊரின் அருகே, இன்னொரு 88 மில்லிமீட்டர் பீரங்கிக் கூடம் இருந்தது. அதன் வாய் மேற்கு நோக்கியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, இடையிலுள்ள மணலைக் குறிவைத்திருந்தன.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை வயலில் நின்றே விளங்கிக்கொள்ளலாம். நாற்று நட்ட வரிசையைக் குறுக்கே நின்று பார்த்தால் ஒன்றிரண்டு பயிர்தான் நேர்கோட்டில் படும். வரிசையின் தலைமாட்டில் நின்று நீளவாட்டில் பார்த்தால் முழு வரிசையும் ஒரே கோட்டில் வந்துவிடும். படகிலிருந்து இறங்கும் வீரர்கள் கரையோரமாகப் பரவி நிற்பார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் குண்டு ஒருவனைத் தப்பினாலும் அடுத்தவனைத் தப்பாது. அதோடு, கடலில் நிற்கும் போர்க்கப்பலுக்கு அப்பீரங்கியின் வாய் கண்ணிலேயே படாது. எத்தனை பெரிய கப்பலாயினும் அது சுடக்கூடியது அந்த மொட்டைச் சுவரை மட்டுமே. அச்சுவரைத்தான் மற்றச் சுவர்களைவிடக் கனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, ஓர் அரணைக் கண்டதும் முதலில் அதன் வாய் எத்திசை என்று பாருங்கள். எங்கே மனிதரைக் கொல்ல எண்ணினார்கள் என்பதை அது சொல்லும். எத்திசைச் சுவர் கனமாக இருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை அது சொல்லும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அமைப்பின் குறையும் புலப்படும். தன் முன்னால் வருவதைத் தானே பார்க்க முடியாத கூடம், தன்னைக் காக்கும் பொறுப்பை அண்டைக் கூடத்திடம் விட்டிருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றொன்றின் முன்புறம் திறந்துவிடும். கொல்வில் பக்கத்துப் பீரங்கியைக் கரையேறிய டாங்கி ஒன்று அன்று காலையிலேயே அடக்கிவிட்டது. கப்பலால் காண முடியாத வாயை, மணலில் நின்ற டாங்கியால் காண முடிந்தது.

இனி, சுவரைப் பார்ப்போம். கட்டடப் பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு இப்பகுதி மிகவும் சுவையாக இருக்கும். ஜெர்மானியர் ஒவ்வோர் அரணையும் புதிதாக வரைந்து கட்டவில்லை. எண்ணிட்ட மாதிரி வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் அவர்களிடம் இருந்தன. இன்ன எண் என்று தலைமையகம் சொன்னால், எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்பது உடனே தெரிந்துவிடும். பெரும்பாலானவற்றில் கூரையும் வெளிச்சுவரும் 2 மீட்டர் கனம், அதாவது ஏறத்தாழ ஆறரை அடி. நம் ஊரில் ஒரு மனிதன் கைகளை விரித்தால் எவ்வளவு அகலமோ, அதைவிடக் கனமான சுவர். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சாகக் கான்கிரீட்டை ஊற்றினார்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் இடையே பலவீனமான மூட்டு விழும் என்பதை நாம் அறிவோம்.

இத்தகைய சுவரைக் குண்டு துளைப்பது எளிதன்று. நான் பார்த்த கூடங்களில், வெளிமுகத்தில் பட்ட அடிகள் பெரும்பாலும் தட்டு வடிவான பள்ளங்களாகவே இருந்தன. நடுவில் ஆழம், விளிம்பில் ஆழமின்மை, சுற்றிலும் ஆரக்கால் போல் ஓடும் வெடிப்புகள். சிறு பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பட்ட இடங்களில் அம்மைத் தழும்பு போன்ற பொத்தல்கள். ஒமாஹாவின் நடுப்பகுதியில் ரூக்கே என்னும் சிறு பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள கூடத்தில் 50 மில்லிமீட்டர் பீரங்கி இன்னும் தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் வாயைச் சுற்றி இந்தத் தழும்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. சுட்டவர்கள் சுவரை உடைக்க முயலவே இல்லை, திறப்பை மட்டுமே குறிவைத்தார்கள் என்பது அத்தழும்புகளின் நெருக்கத்திலிருந்து விளங்குகிறது.

சுவர் துளைபடாவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கேரம் பலகையில் காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து, ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் அடித்துப் பாருங்கள். நடுக்காய்கள் அநேகமாக அசையாது நிற்க, மறுமுனைக் காய் தெறித்து ஓடும். வெளிமுகத்தில் விழும் அடியின் அதிர்ச்சியும் இவ்வாறே கான்கிரீட்டுக்குள் அலையாகப் பாய்ந்து, உள்முகத்தை அடைந்து திரும்பும்போது அவ்விடத்தைப் பிய்த்து இழுக்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே வெளியே சிறு பள்ளம் விழுந்திருக்க, உள்ளே கூரையிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து மனிதர் தலைமேல் விழும். இதை அறிந்தே கூரையின் உட்புறத்தில் எஃகு உத்திரங்களை அடுக்கி, அவற்றின் இடையே தகடு பதித்தார்கள். பெயர்ந்த பாளத்தைத் தகடு தாங்கிக்கொள்ளும். இன்று அந்தத் தகடுகள் துருவேறிச் சுருள் சுருளாகத் தொங்குகின்றன. உள்ளே போகிறவர் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும்.

பீரங்கி வாயின் பக்கச் சுவர்கள் படிப்படியாக வெட்டியது போல் இருப்பதையும் காணலாம். அழகுக்காகச் செய்தது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அழகுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அகன்று சரியும் வாயை வழுவழுப்பாக விட்டால், பக்கத்தில் படும் குண்டு புனலில் ஊற்றிய எண்ணெய் போல் வழுக்கி உள்ளே போய்விடும். படிகள் இருந்தால் அக்குண்டு படியின் முகத்தில் மோதி நின்றுவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உடைசலெல்லாம் போரின் உடைசல் அன்று. கடற்காற்றின் உப்பு கம்பியைத் தின்று துருவாக்குகிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பது. ஆகவே கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. அப்பிளவு கம்பி போன வழியே நேர்கோடாக ஓடும். பழுப்பு நிறக் கறையும் உடன் இருக்கும். குண்டடியோ வட்டமாக இருக்கும். போர் முடிந்தபின் பழைய இரும்பு வாங்குவோர் வந்து எஃகுக் கதவுகளையும் கவசக் கூண்டுகளையும் வெட்டி எடுத்துப் போனதும் உண்டு. அவர்கள் விட்டுச் சென்ற ஓட்டையைக் காட்டி, 'இங்கேதான் பெரிய கப்பலின் குண்டு பாய்ந்தது' என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரும் சுற்றுலாக்காரர் பலர்.

லாங் என்னும் ஊரின் கடலோரத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஒமாஹாவுக்கும், ஆங்கிலேயர் இறங்கிய 'கோல்டு' கரைக்கும் நடுவே, 60 மீட்டருக்கும் உயர்ந்த செங்குத்துக் கரையின்மேல் நான்கு பீரங்கிக் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. செக் நாட்டு ஸ்கோடா ஆலையில் செய்த 15 சென்டிமீட்டர் கடற்படைப் பீரங்கிகள் அவற்றில் இருந்தன. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவு சுடக்கூடியவை. நார்மண்டியில் பீரங்கிகளைப் பழைய இடத்திலேயே காணக்கூடிய பெரும் பீரங்கித் தளம் இதுவே. இங்கே மட்டும் கூடங்கள் நேரே கடலைப் பார்க்கின்றன, ஏனெனில் இவற்றின் இலக்கு கப்பல்கள். மூன்று கூடங்கள் அநேகமாக முழுமையாக நிற்க, ஒன்று மட்டும் பிளந்து கிடக்கிறது. அதைச் சுற்றி வந்து பார்த்தால், சுவர்ப் பாளங்கள் எல்லாம் வெளிப்புறமாகத் தள்ளுண்டு கிடப்பது தெரியும். கப்பலின் குண்டு வெளியிலிருந்து நொறுக்கியிருந்தால் அவ்வாறு இராது. உள்ளே நிகழ்ந்த வெடிப்பு கூடத்தைப் பொரிந்த சோளம் போல் விரித்துவிட்டது. ஆங்கிலேயர் அத்தளத்தைக் கைப்பற்றியபின் அங்கே வைத்திருந்த வெடிமருந்து தற்செயலாக வெடித்ததே காரணம் என்பது அவ்விடத்தின் வரலாற்றைக் கூறுவோர் தரும் விளக்கம். அதாவது, அக்கரையில் கண்ணுக்கு மிகப் பெரிதாகப் படும் போர்க்காயம் போரில் பட்டதே அன்று!

போரில் பட்ட காயம் வேறோர் இடத்தில் இருந்தது. கூடங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி, கரையின் விளிம்பிலேயே, நோக்குமனை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கப்பல் எவ்வளவு தொலைவில், எத்திசையில், எவ்வளவு விரைவில் போகிறது என்று அங்கிருந்து அளந்து, நிலத்தடிக் கம்பி வழியாகக் கூடங்களுக்குச் சொல்ல வேண்டும். கூடத்தில் இருப்பவன் அந்த எண்களைக் கேட்டுப் பீரங்கியைத் திருப்புவான். வானிலிருந்து கொட்டிய குண்டுகள் கூடங்களை ஒன்றும் செய்யவில்லை, அக்கம்பிகளை அறுத்துவிட்டன. கண் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்க, இடையில் நரம்பு அறுந்துபோயிற்று. ஜூன் 6ஆம் நாள் காலை அப்பீரங்கிகள் சுட்டன. ஆங்கிலேயரின் தலைமைக் கப்பலான 'புலோலோ' இடம்பெயர நேர்ந்தது. ஆயினும் எந்தக் கப்பலையும் அவை மூழ்கடிக்கவில்லை. 'ஏஜாக்ஸ்' என்னும் குரூசர் கப்பல் எதிர்த்துச் சுட்டது. பிற்பகலில் பீரங்கிகள் மீண்டும் எழ, பிரெஞ்சுக் குரூசர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. மறுநாள், ஜூன் 7ஆம் நாள், அத்தளம் ஆங்கிலப் படையிடம் பணிந்தது. இரண்டு மீட்டர் கான்கிரீட்டை விரல் கனமுள்ள கம்பி தோற்கடித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 1962இல் வெளிவந்த 'தி லாங்கஸ்ட் டே' என்னும் திரைப்படத்தின் காட்சியொன்றை இந்நோக்குமனையில்தான் எடுத்தார்கள். ஆதலால் கூட்டம் எல்லாம் அங்கேதான். அறுந்த கம்பி போன வழியைத் தேடுவோர் யாருமில்லை.

அடுத்து நான் பார்த்த புவாந்த் து ஓக் முனையை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒமாஹாவுக்கு மேற்கே கடலுக்குள் மூக்கு நீட்டும் பாறைமுனை அது. கடலிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது இரண்டு பனை உயரம், செங்குத்தாக எழுகிறது. அதன்மேல் 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறினை ஜெர்மானியர் வைத்திருந்தனர். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரெஞ்சுப் பீரங்கிகள் அவை; 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது கைக்கு வந்தவை. கிழக்கே ஒமாஹாவும் மேற்கே 'யூட்டா' கரையும் அவற்றின் எல்லைக்குள் அடங்கும். ஆகவே இறங்குமுன் இம்முனையை ஒழித்தாக வேண்டும் என்று நேசநாட்டார் முடிவு செய்தனர்.

அங்கே சென்றால் முதலில் கண்ணில் படுவது அரண் அன்று, நிலமே. சமமான தரை என்று ஓர் அடிகூட இல்லை. ஒரு குழியின் விளிம்பிலேயே அடுத்த குழி தொடங்குகிறது. மாடி வீடு ஒன்றை இறக்கி வைக்கக்கூடிய குழிகளும் உண்டு. எண்பது ஆண்டுகளின் புல் வளர்ந்து அவற்றை மென்மையாக்கியிருக்கிறது; சிறுவர்கள் உருண்டு விளையாடுகிறார்கள். இக்குழிகளுக்கு நடுவே கான்கிரீட் பாளங்கள் தலைகீழாகவும் சாய்ந்தும் கிடக்கின்றன. பல பாளங்கள் உடையாமலே சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வரண்கள் நம் வீடுகளைப் போல் ஆழமான கடைக்காலில் நிற்பவை அல்ல. ஒரே பாறைத்துண்டு போல் வார்த்து மண்ணில் இறக்கி வைத்தவை. அடியில் மண் பெயர்ந்தால் அவை கப்பலைப் போல் கவிழும், பிளவுபட மாட்டா. 1958 முதல் சில ஆண்டுகள் பிரெஞ்சுக் கரையெங்கும் அலைந்து இவற்றைப் படம் பிடித்த பால் விரிலியோ என்னும் சிந்தனையாளரின் கருத்தை இழுத்ததும் இந்த இயல்பே.

குழிகளுக்கு இடையே வட்டமான பெரிய கான்கிரீட் தொட்டிகள் தெரிகின்றன. பீரங்கியை எல்லாத் திசைக்கும் சுழற்றுவதற்கு ஏற்ற, கூரையில்லாத மேடைகள் அவை. அருகிலேயே கூரையுள்ள கூடங்கள் சில, கட்டி முடித்தும் முடியாமலும் நிற்கின்றன. இவ்விரு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு வரலாறு. முதலில் எல்லாத் திசையிலும் சுட விரும்பினார்கள். வானூர்திகள் வரத் தொடங்கியதும் கூரை வேண்டும் என்று உணர்ந்தார்கள். கூரை போட்டால் பீரங்கி ஒரு பக்கம்தான் பார்க்கும். பார்வையா பாதுகாப்பா என்ற கேள்விக்கு விடை காணும் முன்பே காலம் முடிந்துவிட்டது. 1944 ஏப்ரலில் விழுந்த வான்குண்டுகளால் பீரங்கி ஒன்று கெட்டது. உடனே மற்ற ஐந்தையும் உள்நாட்டுக்கு இழுத்துப் போய் மறைத்துவிட்டு, தொட்டிகளில் தந்திக் கம்பங்களைப் பீரங்கி போல் நீட்டி வைத்தார்கள்.

ஜூன் 6ஆம் நாள் காலை 'டெக்ஸாஸ்' என்னும் பெரும் போர்க்கப்பல் தன் 14 அங்குலப் பீரங்கிகளால் அம்முனையை அடித்தது. பின்னர் லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் எர்ல் ரட்டர் தலைமையில் 225 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் கயிற்றாலும் ஏணியாலும் அப்பாறையில் ஏறினார்கள். நீரோட்டமும் வழிதவறலும் சேர்ந்து ஏறக்குறைய 40 நிமிடம் தாமதமாகவே வந்தார்கள். அதற்குள் குண்டுவீச்சு ஓய்ந்து காவலர் வெளியே வந்துவிட்டனர். மேலிருந்து சுடுவோரைக் கரையோரம் நெருங்கி வந்த நாசகாரிக் கப்பல்கள் இரண்டு அடக்கின. ஏறி முடித்து, குழிகளுக்குள் விழுந்து எழுந்து பீரங்கி மேடைகளை அடைந்தவர்கள் கண்டது வெறும் கம்பங்களை! லாமெல், குன் என்னும் இரு சார்ஜன்டுகள் ஒரு கல் தொலைவுபோல் உள்ளே நடந்து, தோட்டத்து வேலியோரம் இலைதழையால் மூடிக் கிடந்த ஐந்து பீரங்கிகளையும் கண்டனர். அருகில் காவல் இல்லை. உருக்கும் வெப்பம் தரும் தெர்மைட் எறிகுண்டுகளை அவற்றின் சுழல் பற்களில் வைத்துப் பயனற்றதாக்கினர். அதன்பின் இரண்டு நாட்கள் அம்முனையில் முற்றுகைப்பட்டு நின்ற 225 பேரில், ஜூன் 8ஆம் நாள் துணைப்படை வந்து சேர்ந்தபோது, ஆயுதம் ஏந்தக்கூடியவர்களாக எஞ்சியோர் ஏறக்குறைய 90 பேர்.

வெற்று மேடைகளுக்காக இத்தனை உயிரா என்று கேட்போர் இன்றும் உண்டு. என் கருத்து இது: பீரங்கிகள் மேடையில்தான் இல்லை, யூட்டா கரையை நோக்கியபடி, குண்டுகளோடு, தோட்டத்தில் இருந்தன. அவற்றை அழித்தவர் முனைமேல் ஏறியவர்களே. ஆயினும் அத்தனை டன் வெடிமருந்தும் விழுந்த இடத்தில் பீரங்கி இல்லை என்பதும், பீரங்கி இருந்த இடத்தில் ஒரு குண்டும் விழவில்லை என்பதும் உண்மையே. அக்குழிகளுக்கு நடுவே நின்றபோது எனக்கு வியப்பைவிடத் துயரமே மிகுந்தது.

நம் புறத்திணை இலக்கணம் மதிலை வளைப்பவனுக்கு உழிஞைப் பூவையும், உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சிப் பூவையும் தந்தது. காப்பவனுக்கு நாற்புறமும் மதில் உண்டு என்பது அங்கே தானே அடங்கிய செய்தி. அட்லாண்டிக் சுவருக்கு முதுகு இல்லை. கோடாக நீண்டதே தவிர வளையவில்லை. ஓரிடத்தில் அறுந்தவுடன் மற்ற நீளம் முழுவதும் வெறுங்காவலாயிற்று. சேனல் தீவான ஜெர்சியில் கட்டிய வலுவான அரண்களை யாரும் தாக்கவே இல்லை. உள்ளே இருந்த படை பசியோடு காத்திருந்து 1945 மே 9ஆம் நாள் சரணடைந்தது. லொரியான், சென் நசேர் துறைமுகங்களின் காவற்படைகளும் போர் முடியும்வரை அவ்வாறே அடைபட்டுக் கிடந்தன.

கட்டியவர் யார் என்பதை எந்த வாயும் எந்தத் தழும்பும் சொல்வதில்லை. ஆனால் சுவரைத் தடவிப் பாருங்கள். சென்ட்ரிங் பலகையின் தடம் ஒவ்வொன்றும், மரத்தின் ரேகைகூட, கான்கிரீட்டில் பதிந்திருக்கிறது. அப்பலகைகளை அடித்த கைகள் யாருடையவை? வேலையை நடத்தியது டாட் அமைப்பு என்னும் ஜெர்மானியக் கட்டட நிறுவனம். 1942 மார்ச்சில் ஹிட்லர் இட்ட ஆணைக்குப்பின் வேலை பெருகவே, ஆட்களைத் திரட்ட வேண்டியதாயிற்று. கூலிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் உண்டு. ஒப்பந்தம் எடுத்துப் பொருள் ஈட்டிய பிரெஞ்சுக் கட்டட முதலாளிகளும் உண்டு. 1943 பிப்ரவரியில் வந்த கட்டாய உழைப்புச் சட்டத்தால் இழுத்து வரப்பட்டவர் உண்டு. உள்நாட்டுப் போரில் தோற்றுப் பிரான்சில் புகலடைந்த ஸ்பானியக் குடியரசினர் உண்டு. சேனல் தீவுகளில் சோவியத் நாட்டுக் கைதிகள் பட்டினியிலும் அடியிலும் மாண்டனர். தாக்கியவர்க்கு நினைவுத்தூண் உண்டு. சுமந்து கட்டியவர்க்கு நான் சென்ற அக்கூடங்களில் ஒரு பெயர்ப்பலகையையும் காணவில்லை. பலகைத் தடம் ஒன்றே அவர்கள் கையெழுத்து.

இந்த ஏடுகள் நெடுநாள் இரா. புவாந்த் து ஓக் முனையின் பாறை சுண்ணாம்புக் கல்லும் களிமண் கலந்த கல்லும் அடுக்கடுக்காய் அமைந்தது. அலை அடிவாரத்தைக் குடைந்து குகையாக்குகிறது. ஒருநாள் மேற்பகுதி தாங்காமல் மொத்தமாகச் சரிந்துவிடுகிறது. ரேஞ்சர்களை நடத்திய ரட்டர் பிற்காலத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அம்முனையின் பாறையையும் அரண்களையும் அளந்து ஆராய்ந்தனர் என்பது மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1979இல் பிரெஞ்சு அரசு அந்நிலத்தின் பராமரிப்பை அமெரிக்கப் போர் நினைவுச் சின்ன ஆணையத்திடம் ஒப்படைத்தது. விளிம்பில் தொங்கிய நோக்குமனையைப் பல ஆண்டுகள் மூடி வைத்து, அடியை வலுப்படுத்தி, 2011இல் மீண்டும் திறந்தனர். போகிறவர்கள் வேலியைத் தாண்ட வேண்டாம். விளக்கு இல்லாமல் உள்ளறைகளில் நுழையவும் வேண்டாம். படிக்குழிகள் இருட்டில் தெரிவதில்லை.

முடிக்கும் முன் நம் நாட்டவரைப் பற்றிய செய்தி ஒன்று. இவ்வரண்களில் எங்கும் காணப்படும் சிறு வகை ஒன்றுண்டு. ஒருவன் மட்டும் இடுப்பளவு நின்று சுடுவதற்கேற்ற, மேலே வட்டத் துளை உள்ள கான்கிரீட் குழி. அதற்கு 'தொப்ருக்' என்று பெயர். லிபியா நாட்டில் நடந்த போரில் கற்ற பாடத்தால், அங்குள்ள தொப்ருக் நகரின் பெயரே நிலைத்தது. அதே வட ஆப்பிரிக்கப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்துதான் ஜெர்மனியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலைப் படைப்பிரிவைத் திரட்டினார். ஏறக்குறைய 2,500 முதல் 3,000 பேர். அவர் 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டபின், அப்பிரிவை ஹாலந்துக் கரைக்கும், பின்னர் பிரான்சின் தென்மேற்கே போர்தோ அருகிலுள்ள லகனோ கரைக்கும் காவலுக்கு அனுப்பினார்கள். இந்தியாவின் விடுதலைக்கென்று சேர்ந்தவர்கள், எவருடைய நாட்டையோ அடிமைப்படுத்தியவரின் சுவரைக் காக்க நேர்ந்தது. 1944 தொடக்கத்தில் ஜெர்மானியத் தளபதி ரோம்மெல் அங்கே வந்து அவர்களைப் பார்வையிட்டார். தலைப்பாகை அணிந்த வீரர்கள் அக்கரையில் நிற்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆகஸ்டில் அவர்கள் அதைவிட்டுக் கிழக்கே பின்வாங்கினர். பிஸ்கே விரிகுடாவின் அக்கரை முழுவதும் மணற்குன்று. ஆண்டுதோறும் கடல் மணலைத் தின்று வர, குன்றின் முடியில் கட்டிய அரண்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து கடற்கரைக்கு இறங்கிவிட்டன. ஓதம் ஏறும்போது மூழ்கியும் இறங்கும்போது வெளிப்பட்டும் அவை இப்போது அங்கே கிடக்கின்றன.